மூன்று விதைக்கு ஒரு மாத்திரை

ஐப்பசியில் எங்கள் காட்டில்
வெயில் ஏறுமுன் வேலை.
ஆறு இதழும் பின்னால் மடங்கி,
ஆறு மகரந்தப்பையும் வெளியே நீட்டி,
சூல்தண்டு மட்டும் ஒருபக்கமாய் ஒடிந்து
முகம் திருப்பி நிற்கும் பூ.
தன் தூளைத் தானே தொடாது.
பூச்சியை நம்பினால் காய் பிடிக்காது.
ஒன்றைக் கிள்ளி இன்னொன்றில் தடவ வேண்டும்.
பாவாத்தாளும் நானும் கூலிக்கு வந்த நாலு பேரும்
கம்பி வரிசைக்குள் குனிந்து
பூவுக்குப் பூ கலியாணம் முடித்துக்கொண்டே போவோம்.
இன்று விரிந்தது மஞ்சள்.
நன்றாகச் சிவந்ததைத் தொட்டுப் பயனில்லை.

பள்ளிப் புத்தகத்தில் இது மாநில மலர்.
பழம்பாட்டில் பெண்ணின் விரல்.
மூலனூர்க் கமிஷன் கடையில்
‘கண்வலி இன்னிக்கு என்ன போகுதுங்க?’

பத்து மணிக்குக் கஞ்சி.
தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டு
முழங்கை வரை கழுவாமல்
சோத்துப் போசியை யாரும் திறக்கக்கூடாது.
அது என் சட்டம்.
ராகிக்களிக்கு, வேலியோர முருங்கையில் உருவிய கீரை.
இரும்பு வேண்டுகிறவர்கள் அந்தப்பக்கம் கைநீட்டலாம்.
இந்தப்பக்கம் ஆடுகூட வாய் வைக்காது.
இரண்டுக்கும் ஒரே சொட்டுநீர்க் குழாய்.

பதினொன்றரை பஸ்.
பஸ் ஸ்டாண்டு எதிரில் மெடிக்கல் ஷாப்.
மூன்றாவது அடுக்கில், இடமிருந்து இரண்டாவது டப்பா:
கால்ச்சிசின், அரை மில்லிகிராம், பத்து மாத்திரை.

பில் புக்கின் பின்னட்டையில் கணக்குப் போட்டிருக்கிறேன்.
ஒரு விதை இருபது மில்லிகிராம் இருக்கும்.
நூற்றுக்கு முக்கால் பங்கு சத்து என்று வைத்தால்
மூன்று விதைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மாத்திரை.
கிலோவுக்கு எத்தனை அட்டை என்று வகுக்கும்போது
யாரோ இருமல் மருந்து கேட்டார்கள்.
அப்புறம் முடிக்கவில்லை.

டிப்ளமோவுக்குப் பணம் கட்ட
மூன்று வருஷம் பல்லடத்தில்
ஸ்பின்னிங் மில், நைட் ஷிப்ட்.
பரீட்சையில் கேட்டார்கள், இது எப்படி வேலை செய்கிறது?
செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே கதிர் ஒன்று நூல் கட்டும்,
இது அந்த நூலைச் சேரவிடாது என்று எழுதினேன்.
கதிர் நின்றால் என்ன ஆகும் என்று
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
வீங்கிய மூட்டுக்குள் படையெடுக்கும் வெள்ளணுவும்
அந்த நூல் இல்லாமல் தடுமாறும். வலி அடங்கும்.
அளவு மிஞ்சினால் எல்லாக் கதிரும் நிற்கும்:
குடலில், எலும்பு மஜ்ஜையில், மயிர்க்காலில்.
முறிவு மருந்து எங்கள் அலமாரியில் இல்லை.
விலை விழுந்த வருஷம்
எங்கள் தெருவில் கிழங்கு ஒருவரைத் தின்றது.
பேர் சொல்லமாட்டேன்.
அவர் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் ட்யூஷன் போகிறார்கள்.

நேற்று சாயங்காலம் சென்னியப்பன் வந்தார்,
இடது செருப்பின் வாரை அறுத்துவிட்டு.
‘பெட்ஷீட் பட்டாக்கூட உசிரு போகுதுங்க அம்மிணி.’
தாராபுரம் டாக்டர் சீட்டு. யூரிக் ஆசிட் ஒன்பது புள்ளி நாலு.
போன மாசியில் எங்கள் களத்தில் விதையை அள்ளி
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து
‘ஈரம் இருக்குதுங்க’ என்று
கிலோவுக்கு முந்நூறு குறைத்தது இவர்தான்.

அட்டையை எடுத்து வைத்தேன்.
‘சீட்டுல இருக்கறபடி இப்ப ரெண்டு, ஒரு மணி நேரம் கழிச்சு ஒண்ணு.
இன்னிக்கு அவ்வளவுதான்.
வயிறு கலங்குச்சுன்னா நிறுத்திப்போட்டு டாக்டர்கிட்டப் போகோணும்.’
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
‘இத்துனூண்டு மாத்திரைக்கு இவ்வளவுங்களா? கொஞ்சம் குறைச்சுப் போடுங்க.’
‘ஈரமே இல்லைங்க’ என்றேன். ‘நல்லாக் காஞ்சது.’

புரிந்ததா தெரியவில்லை.
ஒற்றைக்காலில் நின்றபடியே பணம் எடுத்தார்.
மீதிச் சில்லறையை எண்ணி வைக்கும்போது பார்த்தேன்,
என் நகக்கண்ணில் மஞ்சள் தூள்.
காலையில் போட்ட சோப்புப் போதவில்லை.