கதவு எண் 4/117

காவேரிப்பட்டணம் சாலையில்
மாங்கூழ் ஆலைக்குக் காய் இன்னும் வரவில்லை.
டப்பாக்கள் வந்துவிட்டன.
ஜெரால்டு வந்துவிட்டான் ஓசூரிலிருந்து,
இரண்டு மடிக்கணினியும் ஒரு வார உடுப்புமாக.
மே மூன்றுக்குள் பழைய கணக்கு மொத்தமும்
புதிய மென்பொருளில் குடியேற வேண்டும்.

பழையது, 2003-இல்
பர்கூர் கல்லூரிப் பையன் ஒருவன்
புராஜெக்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது.
சாம்பல் திரை. தமிழுக்கென்று தனி எழுத்துரு.
கடவுச்சொல் இன்றைக்கும்
அவன் அப்போது காதலித்த பெண்ணின் பெயர்.
கட்டிக்கொண்டானா, தெரியாது.
தினமும் ஒன்பது மணிக்கு
அவள் பெயரைத் தட்டித்தான் உள்ளே போகிறோம்.

முதல் ஏற்றத்தில்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு விவசாயிகளும்
ஆங்கிலக் குப்பையாக வந்து இறங்கினார்கள்.
மெய்யெழுத்தின் தலையில் இருந்த புள்ளியெல்லாம்
பக்கத்தில் அரைப்புள்ளியாகி நின்றது.
சிக்கண்ணனுக்கு மூன்று.
நாகேசனுக்கு ஒன்று.
உமாவுக்கு, பாவம், ஒன்றுமில்லை.

அதை மாற்றி எடுக்க ஒரு பகல்.
மறுநாள் இரட்டைப் பதிவுகள்.

பெயர் மாதம்மாள். கணவர் கெம்பன்.
ஊர் சந்தூர். கதவு எண் 4/117.
அடுத்த வரியிலும்
மாதம்மாள், கெம்பன், சந்தூர், 4/117.

"டூப்ளிகேட்டுக்கா" என்றான். ஒன்றை அழித்தான்.
ஒன்றில் முன்பணப் பாக்கி பதினெட்டாயிரம்.
மற்றதில் நாங்கள் தர வேண்டியது
பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
கழித்தது போக அறுநூற்று நாற்பது ரூபாய்,
பக்கத்தில் ஒரு பச்சை டிக்.
"எவ்ளோ சுத்தமா உட்கார்ந்துச்சு பாருங்க."

அது ஒரு ஆள் இல்லை, ஜெரால்டு.
பழைய மென்பொருளில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.
ஒருத்திக்கு 'பெரியது' என்று இருக்கும்,
ஒருத்திக்கு 'சின்னது'.
வேறெதுவும் இருக்காது.
அந்தக் கட்டத்தைத்தான்
தேவையில்லை என்று முதல் நாளே விட்டுவிட்டோம்.

ஒரே டிராக்டரில் இருவர் காயும் வரும்.
எடைமேடையில் பாதியை இறக்கி
மறுபடி நிறுத்தி
இரண்டு சீட்டு போட வேண்டும்.
பெரியவள் செவ்வாய்க்கிழமை பணம் வாங்குவாள்.
சின்னவள் செவ்வாய் தவிர.
கெம்பனின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப்
பெரியவள் வாங்கியது அந்தப் பதினெட்டாயிரம்.
அன்றைக்கு இன்னொருத்தி கையெழுத்துப் போடவில்லை.
இவள் கடனை அவள் காயில் கழிப்பது
கெம்பன் இருந்தவரை அவனால் ஆகாத காரியம்.
நீ ஒரு பொத்தானில் முடித்துவிட்டாய்.

"சரிக்கா, பிரிச்சிடறேன்.
ஆனா போன் நம்பர் தனித்தனியா இருக்கணும்.
இல்லன்னா வாங்காது."

பார்த்தேன்.
இரண்டு வரியிலும் ஒரே எண்.
பெரியவள் பெற்ற மகனுடையது.
சின்னவளும் அதைத்தான் கொடுத்திருக்கிறாள்,
எந்த வருடத்திலிருந்து என்று கோப்பில் இல்லை.

இரவு எட்டு மணிக்கு அழைத்தேன்.
தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருக்க,
பையன் எடுத்தான்.
அம்மாகிட்ட பேசணும்ப்பா, மாங்கூழ் ஆபீஸ்.
"எந்த அம்மாங்க? ரெண்டு பேரும் இங்கதான்."
பெரியவங்ககிட்ட கொடு.
கைமாறும் சத்தம். ஒரு வளையல்.
"அக்கா கையில மாவுங்க. எங்கிட்ட சொல்லுங்க."

என்ன சொல்ல?
நீங்கள் இரண்டு பேர்தானே என்று
ஒருத்தியிடம் கேட்க முடியுமா?
காய் எப்போ பறிக்கறீங்க என்று கேட்டேன்.

"இன்னும் இருபது நாள் போகணும்" என்றாள்.
பிறகு, வாயைத் திருப்பி, உள்ளே யாரிடமோ:
"இருபதா, இருபத்தஞ்சா?"

ஜெரால்டு என் முகத்தைப் பார்த்தபடி
விசைப்பலகையில் கை வைத்துக் காத்திருந்தான்.
அழித்ததை எடு என்றேன்.
ஒருத்திக்கு அந்த எண்ணைப் போடு.
இன்னொருத்திக்கு என்னுடையதைப் போடு.