ஆதாரம் இருப்பின் இணைக்கவும்

மாநில அரசு பணம் ஒதுக்கிவிட்டது.
இருபது வருடம் தண்ணீர்க் குழாய் பிடித்த
தொண்டூழியருக்கு ஒரு தொகை, ஒரு சான்றிதழ்,
மண்டபத்தில் ஒரு மதியச் சாப்பாடு.
பாரம் ஒன்பது பக்கம்.
நிலையத்தின் செயலாளர் நான். நிரப்புகிறேன்.

அருமைநாதன். வயது ஐம்பத்து மூன்று.
பிறையில் ஆணி செய்யும் ஆலை, இரவு வேலை.
சேர்ந்த ஆண்டு இருக்கிறது.
இந்த ஆண்டும் இருக்கிறது.
நடுவில் நான்கு வருடம் இல்லை.

இல்லை என்றால், நனைந்துவிட்டது.
பெருவெள்ளத்து இரவில்
எல்லாரும் படகோடு வெளியே போயிருந்தோம்;
நிலையத்துக்குள் தண்ணீர் வந்ததைப் பார்க்க ஆளில்லை.
பதிவேடு மூன்று நாள் ஊறியது.
வெயிலில் போட்டோம், அப்பளம்போல் வளைந்தது.
நீல மை மட்டும்
கடலைப் பார்த்துப் போய்விட்டது.

"பதிவில் இல்லாத நேரம் சேவையாகாது."
புவான் ரொஹாயா குரலை உயர்த்தவில்லை.
அவர்மேல் தப்பும் இல்லை. பொதுப்பணம்.
கணக்குக் கேட்காமல் கொடுத்தால்
நெருப்பையே பார்க்காதவன்
வரிசையில் முதல் ஆளாய் நிற்பான்.

சரியென்று சாட்சி தேடிப் போனேன்.
பாகான் ஆஜாம் கடைவரிசையில்
பதின்மூன்றாம் எண் இல்லை, அங்கே கார் நிறுத்துகிறார்கள்.
பதினான்கில் லியோங்,
இறந்தவர்களுக்கு எரிக்கும் காகிதம் விற்கிறார்:
காகித வீடு, காகித மெர்சிடிஸ்,
கட்டுக் கட்டாய் மேலுலகப் பணம்.
எரிப்பதற்கென்றே அடுக்கிய கடை
அன்றைக்கு எரியவில்லை.
பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்குக் கரி;
எத்தனை வெள்ளை அடித்தாலும்
மழைக்கு மழை மேலே வருகிறதாம்.
யார் அணைத்தது?
"தலைக்கவசம் போட்டவங்க. முகம் எப்படித் தெரியும்?
ஒருத்தர் மட்டும் போகும்போது
நனைஞ்ச காகிதக் குதிரையைத் தூக்கி
உலர்ந்த தட்டுல வச்சுட்டுப் போனார்."

அருமைநாதனிடம் சொன்னேன்.
குதிரையா? ஞாபகமில்லை என்றார்.
'சேவைக்கு எதுக்குக் கூலி' என்று சொல்வார் என
எதிர்பார்த்திருந்தேன் போல,
எனக்கு அது வசதியாக இருந்திருக்கும்.
"காசு வேணும், யோகவதி.
முட்டிக்கு ஒரு ஊசி முந்நூறு வெள்ளி.
முட்டி எங்க தேய்ஞ்சுதுன்னு எழுத
பாரத்துல கட்டம் இருக்கா?"

கட்டம் இல்லை.
ஆதாரம் என்ற இடத்தில் எழுதினேன்:
கடை எண் பதினான்கு. இன்னும் நிற்கிறது.

பதில் வரவில்லை.
நேற்றிரவு, இல்லை, இன்று விடிவதற்கு முன்
மணி அடித்தது.
மற்றவர்கள் லோரியில் ஏறியாயிற்று.
ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு
அவர் நொண்டித் திரும்பி,
இத்தனை வருடத்தில் முதல் தடவையாக,
"நேரத்தை எழுதிக்கோ" என்றார்.

இரண்டு பதினேழு.
பென்சிலில் எழுதினேன்.
மை வேண்டாம்.