துண்டுக்குள்

ஒச்சப்பன் என்றே எழுதுகிறேன்.
அது அவர் பெயரில்லை.

திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸில்
இயர்போனை இணைக்க ப்ளூடூத்தைத் திறந்தேன்.
அருகில் இருப்பவை வரிசையாக வந்தன:
யாரோ ஒருவரின் வாட்ச்,
டிரைவர் தலைக்கு மேலே ஸ்பீக்கர்,
அதன் கீழே
'ஒச்சப்பன் 58 இதயம்'.

எழுபது பேர் ஏறிய வண்டி.
யார் திறந்தாலும் அந்த வரி தெரியும்.

அடித்தது நான்தான்.
மூன்று வாரம் முன்பு தல்லாகுளம் கிளினிக்கில்
நெஞ்சுமுடி மழித்துப் பட்டையை ஒட்டிவிட்டு
இருபது பட்டைகளில் எது யாருடையதென்று குழம்பாதிருக்க
பெயர், வயது, நோய்.
பூட்டு எண் கம்பெனி கொடுத்தபடியே:
நாலு சுழி.
மாடு வாங்குகிறவன்கூட சுழி பார்த்துத்தான் வாங்குகிறான்.

கைகளுக்கும் கம்பிகளுக்கும் இடையே தேடினேன்.
பின்படியோரம் நின்றிருந்தார்,
கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய சட்டையோடு.
கூப்பிட வாய் திறந்து மூடிக்கொண்டேன்.
கூப்பிட்டால் நானும் ஒரு ப்ளூடூத்.

பழங்காநத்தத்தில் இறங்க வைத்துச் சொன்னேன்.
"வீட்லயே சுளுக்குப் பிளாஸ்திரின்னுதான தாயி
சொல்லி வச்சிருக்கேன்.
வாடிப்பட்டி சந்தையில எவன் போன்லயும் வந்துருச்சா?
தரகன் நெஞ்சு அடிச்சுக்கிறது தெரிஞ்சா
எவன் நான் சொல்ற விலைக்கு நிப்பான்?"

தெரியாது என்றேன்.
மாடு களவு போனால் கொட்டம் காலியாகக் கிடக்கும்.
இது களவு போனாலும்
இருந்த இடத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும்.

பெயரை அழித்தேன், வயதை, நோயை.
வெறும் ஒரு குறி வைத்தேன்.
"பூட்டுக்கு ஆறு எண் சொல்லுங்க,
யாருக்கும் தெரியாததா."

சுற்றிலும் பார்த்தார்.
கொய்யா விற்கிறவள், காலேஜ் பையன்கள்,
ஷேர் ஆட்டோவிலிருந்து நீண்ட ஒரு தலை.
தோளிலிருந்து துண்டை எடுத்து
என் வலக்கை மேல் போட்டார்.
உள்ளே
விரல்களைப் பிடித்தார், விட்டார்,
பிடித்தார்.
இடக்கையால் அடித்துக்கொண்டே வந்தேன்.
கொய்யாக்காரி "என்ன மாடு?" என்றாள்.

ஐந்தாவது எண்ணுக்கு முன்னால்
அவர் கை நின்றது.
அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும்.
இரவுப் பணியில் திரையில் பார்த்திருக்கிறேன்,
இரண்டரை நொடி,
சில இரவுகளில் கூடுதல்.

துண்டுக்கடியில் கையை எடுக்காமல் காத்திருந்தேன்.

பிடித்தார்.