சாவியோடு தர மறந்தவை

துக்துவால், பணம் வந்து சேர்ந்தது.
சாவியைக் கொடுத்தேன், பதிவுத் தாளைக் கொடுத்தேன்.
மீதியை இப்போது எழுதுகிறேன்.

எங்கள் துறையில் கடல்
தினம் இரண்டு முறை வீட்டைக் காலிசெய்யும்.
ஒன்பது மீட்டர். மார்ச்சில் சில நாள் பதினொன்று.
காலையில் நீங்கள் எட்டி ஏறிய தளம்
மத்தியானம் கிணற்றடியில் கிடக்கும்.
கயிற்றை விறைப்பாக, அழகாகக் கட்டாதீர்கள்.
முதல் வருடம் நான் அப்படித்தான் கட்டினேன், பார்ப்பவர் மெச்ச.
இரவு மூன்று மணிக்குத் தண்ணீர் இறங்கிப் போயிற்று,
படகு இறங்கவில்லை.
சுவரில் மாட்டிய சட்டைபோலத் தொங்கிற்று,
உள்ளே தட்டுகள் ஒவ்வொன்றாக உடையும் சத்தம்.
அறுக்கக் கத்தி தேடினேன்.
கத்தி படகுக்குள் இருந்தது.

ஆகவே கத்தி உங்கள் சட்டைப்பையில்.
கயிறு, கடல் இறங்கும் உயரத்தைப்போல் மூன்று மடங்கு.
அது கல்லில் உரசும் இடத்தில்
தீயணைப்புக் குழாயின் துண்டைக் கோத்திருக்கிறேன்;
அசிங்கம் என்று கழற்றிவிடாதீர்கள்.

வாரம் ஒருமுறை அடிப்பலகையைத் தூக்குங்கள்.
தண்ணீர் இருக்கும். எப்போதும் இருக்கும்.
முதலில் முகருங்கள். டீசல் வாடை என்றால் எஞ்சினைப் பாருங்கள்.
வாடை இல்லையென்றால் ஒரு விரல் தொட்டு நாக்கில்:
கரிக்காவிட்டால் மழை, ஜன்னல் ரப்பர் போய்விட்டது.
கரித்தால் கடல். அன்று ரென் நகருக்குத் திரும்பாதீர்கள்.
(பல்மருத்துவருக்கு வாயைப் பற்றி நான் சொல்வதா!)

அடியில் மூன்று துளை, மூன்று வால்வு.
ஒவ்வொன்றின் கழுத்திலும் மர ஆப்பு ஒன்று
தாயத்துபோல் தொங்கும். அங்கேயே தொங்கட்டும்.
வால்வு உடைகிற நேரம் டிராயர் திறக்காது.

சுழலித் தண்டில் ஒரு துத்தநாகக் கட்டி.
கரைவதுதான் அதன் வேலை.
அதைத் தின்னும்வரை உப்பு சுழலியைத் தொடாது.
பாதி போனதும் மாற்றுங்கள்.
வருடம் முடிந்தும் புதிதுபோல் இருந்தால்
சந்தோஷப்படாதீர்கள்:
எங்கோ தொடர்பு விட்டுப்போயிருக்கிறது,
வேறெதையோ தின்றுகொண்டிருக்கிறது.

நீங்கள் தந்தது விலை அல்ல, முன்பணம்.
ஏப்ரலில் புரியும்,
சிப்பி சுரண்ட, வண்ணம் பூச, சேறு காயாத
நாலரை மணி நேரம்தான் கடல் தரும் என்று.
கடைசி அரை மணியில் பூட்ஸுக்குள் ஏறிவிடும்.

பதிவேட்டில் எஞ்சின் மணிக்கணக்கின் இடையே
வேறு கணக்குகளும் உண்டு. பொருட்படுத்தாதீர்கள்.
"ஏனோரா எண்ணெய் மாற்றினாளாம். எண்ணெய் கறுப்பு."
சோவாசிக்கின் கையெழுத்து. பாதிப் படகு அவளுடையதாக இருந்தது,
லியோனுக்கு மாற்றல் வரும்வரை.
எண்ணெயை நான் மாற்றியிருக்கவில்லை.

பக்கத்துப் பச்சைப் படகு கெர்லெயோவுடையது.
ஏழு வருடத்தில் அவர் எனக்கு வணக்கம் சொன்னதில்லை.
ஆனால் தென்மேற்குக் காற்று ஊளையிட்ட இரவுகளின் மறுநாள்
என் படகின் மூக்கில்
என்னுடையதல்லாத கயிறு ஒன்று கூடுதலாய் இருக்கும்.
நன்றி சொல்லப் போனேன்.
"எந்தக் கயிறு?" என்றார், வலையைப் பார்த்தபடி.
பிறகு சொல்வதில்லை. சுருட்டி அவர் தளத்தில் வைப்பேன்,
மேலே ஒரு புட்டி சைடர்.
இப்போது சர்க்கரை வியாதியாம். சைடர் வேண்டாம்.
முழங்காலும் சரியில்லை, ஏணியில் இறங்குவதில்லை.

ரென்னிலிருந்து இங்கே வர இரண்டு மணி நேரம்.
காற்று அவ்வளவு பொறுக்காது.
ஏதோ ஒரு காலையில், முனையில் நீல நூல் சுற்றிய
கயிறு ஒன்றைக் கண்டால்
சுருட்டித் துறைமுக அலுவலக ஆணியில் மாட்டிவிடுங்கள்.
என்னைக் கேட்காதீர்கள்.
எந்தக் கயிறு என்பேன்.