பதினான்காம் வாசகம்

பிற்பகல் இரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்தோம்.
ஐந்து உறைகள், அரக்கு முத்திரையோடு.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டும் திரும்பும் அறை.
கொட்பே துறைமுகத்து ஐஸ் ஆலைக்கு
கொம்ப்ரசர் இரண்டு, குளிர்க்குழாய், மூன்று வருட உத்தரவாதம்.

கேள்விப்பத்திரம் என்று இதற்கு யார் பேர் வைத்தாரோ,
பத்தொன்பது வருடமாய் நான் கண்ட கேள்வி ஒன்றுதான்:
எவ்வளவு?

இம்முறை கொழும்பிலிருந்து
ஒரு சுற்றறிக்கையும் சேர்ந்து வந்திருந்தது.
பதினான்காம் வாசகம், புதிதாய்ச் செருகியது,
எழுத்துக்கூட மற்றதோடு ஒட்டவில்லை:
எமது அரசு அங்கீகரிக்காத ஆட்சியொன்றோடு
நேரடியாகவோ மறைமுகமாகவோ
தொடர்புடைய கம்பனியா?
ஆம் / இல்லை.
பொருந்தாததை வெட்டிவிடுக.

மூன்றாவது உறைதான் ஆகக் குறைந்த விலை.
எஞ்சினியர் ஹில்மி இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார்.
நல்ல சாமான் மிஸ், உப்புக்காத்துக்குத் தாங்கும்.
பிறகு பங்குதாரர் பட்டியல்.
சிங்கப்பூரில் ஒரு பெயர். அதற்குப் பின்னால் ஒரு பெயர்.
அதற்கும் பின்னால்
ஒரு தலைநகரம். கொடி உண்டு, வங்கி உண்டு,
காசில் ஒரு தளபதியின் முகம் உண்டு,
ஐக்கிய நாடுகளில் கதிரை மட்டும் இல்லை.

அந்தத் தளபதி எப்படி வந்தார் என்று
செய்தியில் பார்த்திருக்கிறேன்.
ஒரு விளையாட்டு மைதானம். வரிசையாய்ச் செருப்புகள்.
எங்கள் ஐஸ் காசு அங்கே போகக்கூடாது.
இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

வாசலில் வாங்கில் இருந்த முகவர் அருள்நேசன்
கோப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.
"நாடே இல்லையாம் மிஸ்.
இல்லாத நாட்டுக்கு எப்பிடி ஒரு தொழிற்சாலை இருக்கும்?"

இருக்கும். எனக்குத் தெரியும்.
குடாவின் அக்கரையில்
எந்த வரைபடமும் ஒப்புக்கொள்ளாத ஒன்று இருந்தது.
அதற்கு நீதிமன்றம் இருந்தது, பொலிஸ் இருந்தது,
வேகமாய் ஓடினால் தண்டம் எழுதும் புத்தகம் இருந்தது.
அப்பா இக்கரையில் ஐஸ் ஏற்றி
அக்கரை வாடிகளுக்குக் கொண்டுபோய் விற்றார்.
கட்டிக்கு இவ்வளவு என்று வரி.
வரிக்குப் பற்றுச்சீட்டு, இலக்கத்தோடு, ஊதா மையில்.
ஒழுங்கான மனிதர்.
எல்லாவற்றையும் கம்பியில் கோத்து வைத்தார்.

பிறகு அங்கீகரிக்கப்பட்டவர்கள் வந்தார்கள்.
கோத்தபடியே எடுத்து மேசையில் வைத்து
நேரடியாகவா மறைமுகமாகவா என்று கேட்டார்கள்.
ஐஸ் வித்தனான், என்றாராம்.
பதினொரு மாதம்.
திரும்பி வந்தவர்
கடையில் பில் நீட்டினால் வாங்கமாட்டார்,
மருந்துக்கடையில்கூட.

கணக்காளர் ஜயதிலக்க கண்ணாடியைக் கழற்றினார்.
"வெட்டுவமா?" என்றார், தமிழில்.
வெட்டினோம்.
அடுத்த விலை ஒரு கோடியே எழுபது லட்சம் கூட.
அவ்வளவு ஒதுக்கவில்லை. மறுபடி கோரவேண்டும்.
ஆறு மாதம், என்றார் ஹில்மி. இந்த வருடப் பருவம் போச்சு.

யன்னலுக்குக் கீழே
காற்றில் விழுந்த ஓர் உறையின் நூலை
மான் ஒன்று மென்றுகொண்டிருந்தது.
காவலாளி கல்லை ஓங்கி, எறியாமல் விட்டான்.

கொட்பேயிலிருந்து நஸ்மின் எடுத்தார்.
"மிஸ், ஐஸ் எப்ப?
நேத்தைக்கும் எண்பது பெட்டி சூடை. புதைச்சுப்போட்டம்."
அதை எழுத
படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

கடைசித் தாள் குழுவுக்கானது.
வெட்டுகிறவர்களும் நிரப்பவேண்டும்.
தந்தையின் முழுப்பெயர்:
மார்க்கண்டு கதிர்காமத்தம்பி.
நானோ என் பெற்றோரோ உடன்பிறந்தோரோ
அங்கீகரிக்கப்படாத எந்த ஆட்சியோடும்
எக்காலத்திலும்
கொடுக்கல் வாங்கல் கொண்டதில்லை.

ஹில்மி ஒப்பமிட்டார். ஜயதிலக்க ஒப்பமிட்டார்.
அடுத்தது நான்.
நீலப் பேனா, அரசாங்கத்தினுடையது,
வழக்கமாய் இரண்டு தரம் உதறவேண்டும்.
அன்று
முதல் தரமே எழுதியது.