‘உறுதியில்லை’ என்ற கட்டம்

செப்டம்பரின் முதல் சனி.
எஸ்தோனியாவின் மேற்குக் கரை, காலை ஐந்தே முக்கால்.
ரப்பர் பூட்ஸ் போட்ட ஆறு பேர்,
ஒரு ஃபிளாஸ்க், ஒரு பென்சில்.
பென்சில் என்னிடம்.
பால் பண்ணையில் இருபது வருடம் கணக்கெழுதியவள் என்பதால்
டார்மோ யோசிக்காமல் படிவத்தை நீட்டிவிட்டான்:
பெயர், எண்ணிக்கை, நேரம்,
கடைசியில் இரண்டு கட்டம்.
உறுதி. உறுதியில்லை.

கோடை இன்னும் முழுசாய்ப் போகவில்லை.
பிர்ச் மரத்தில் ஒரே ஒரு கிளை மட்டும்
அவசரப்பட்டு மஞ்சளாகியிருந்தது,
இலை போடுமுன்னே பந்தியில் உட்கார்ந்துவிட்டவன் போல.
நாணலுக்கு நாணல் சிலந்தி வலை,
ஒவ்வொன்றும் பனியில் கனத்துத் தொய்ந்திருந்தது.
யாரும் எண்ணவில்லை.
படிவத்தில் சிலந்திக்கு வரியில்லை.

ஆள்காட்டிதான் முதலில் எழுந்தது.
நாங்கள் அதைப் பார்க்குமுன் அது எங்களைப் பார்த்து
புல்வெளி முழுவதற்கும் சேதி சொல்லிவிட்டது.
சேற்றிலிருந்து உள்ளான்கள் சிதறிப் பறந்தன.
ஒன்பது, என்றாள் லீலோ.
பதினொன்று, என்றான் ஐவோ.
பத்து என்று எழுதினேன். உறுதி.

கோபுரம் ஏறுமுன் மீலிஸ் காட்டுப்பக்கம் ஒதுங்கினான்.
திரும்பி வந்தபோது
பெல்ட்டை மாட்ட மறந்திருந்தான்.
லின்க்ஸ், என்றான்.
பத்தடியில். காது நுனியில் கறுப்புக் குஞ்சம். கட்டைவால்.
அது ஓடவில்லை, நான்தான்...
ஐவோ சிரித்தான்.
போன வருடம் இதே வாய்தான்
ஆள் நீள மீனைப் பிடித்துத் தவறவிட்டது.

டார்மோ போய்ப் பார்த்தான். சேற்றில் ஒரு குழி.
அதற்குள் நீர் ஊறி
எந்த மிருகத்தின் காலடியாகவும் இருக்கத் தயாராயிருந்தது.
எழுதிக்கொள், என்றான் என்னிடம்.
லின்க்ஸ், ஒன்று, ஆறு நாற்பது.
உறுதியில்லை.

எழுதினேன்.

அப்புறம் வளைகுடா தூக்கம் கலைந்தது.
மூடுபனிக்குள்ளிருந்து முதலில் குரல்,
துருப்பிடித்த கதவுகள் நூறு ஒருசேரத் திறப்பது போல.
பின் கழுத்துகள், பின் கால்கள்,
பெருங்கொக்குகள்
அறுவடை முடிந்த வயல்களைத் தேடி எங்கள் தலைக்கு மேலே.
ஊர்வெ அழுதாள். மூடியில் ஊற்றிய காப்பி ஆறிப்போனது.
டார்மோ பத்துப் பத்தாய், பிறகு நூறு நூறாய்
விரலால் வானத்தை நறுக்கிக்கொண்டே போனான்.
பாதியைப் பனி விழுங்கிவிட்டது.
ஆயிரத்து நானூறு, என்றான்.
ஒருவரும் மறுக்கவில்லை.
உறுதி.

மீலிஸ் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை.
பெல்ட்டின் துளையைத் தேடிக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது வெயில்.
மரப்பாலத்துப் பலகையில் ஒரு விரியன் சுருண்டு கிடந்தது,
கடனைத் திருப்பிக் கேட்க வந்தவர் போல அசையாமல்.
பாவம், என்றாள் ஊர்வெ, முழங்காலைப் பிடித்தபடி.
இதற்கும் என்னை மாதிரிதான்,
வெயில் ஏறாமல் எதுவும் நிமிராது.
தூரத்தில் விரால் அடிப்பான்,
விராலை அறியாத இந்தக் கடலில்
ஏதோ ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போனது.
ஒன்று. ஒன்று. உறுதி. உறுதி.

ஆறு இருபதுக்கு,
பாதை ஆல்டர் மரங்களுக்குள் வளையும் இடத்தில்,
பின்தங்கி நின்று பூட்ஸிலிருந்து கல்லை உதறினேன்.
அது எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டது.
நாக்கின் சொரசொரப்புவரை தெரிந்தது.
யாரையும் கூப்பிடவில்லை.
கூப்பிட்டால் அது வெறும் வரியாகிவிடும்
என்று சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான்.
ஆனால் இருபது வருடக் கணக்கில்
ஒரு துளிப் பாலைக்கூட
எனக்கென்று நான் மறைத்ததில்லை.

வேனில் மீலிஸ் என் பக்கத்து இருக்கை.
வழியெல்லாம் கம்பிகளில் தகைவிலான்கள்,
புறப்பாட்டுக்கு முந்தைய கூச்சலோடு.
யாரும் கேட்காமலே அவன்
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினான்:
காதுக் குஞ்சம் இவ்வளவு இருந்தது.

இல்லை, என்றேன்.
இன்னும் கொஞ்சம் நீளம்.