ஒரு ரியால்

ரூவியில் ஆறாம் மாடி.
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு பெயின்ட் வாளி.
அதற்குப் பக்கத்து மேசையில்
ஓமான் வளைகுடா திறந்து கிடக்கிறது:
நாற்பத்தோரு வரிசை, ஒன்பது பத்தி.

நான் கணக்கு பார்ப்பவன்.
விசாவில் ஸ்டோர் கீப்பர் என்றிருக்கிறது.
அதுவும் பொய்யில்லை.
மூவாயிரம் மீட்டர் வரை உள்ள சரக்கைத்தான்
எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்தாம் வரிசை, கேபிள் போகும் பாதை. விலை உண்டு.
பதினொன்று, எரிவாயு இருக்கலாம் என்ற சந்தேகம்.
சந்தேகத்துக்கே ஏழு இலக்கம்.
இருபத்தாறு, லாந்தர் மீன்.
விரல் நீளம்,
வயிற்றோரம் சட்டைப் பொத்தான்போல் வெளிச்சம்.
பிடித்து அரைத்தால் கோழித் தீவனம், டன் இன்ன விலை.
பிடிக்காமல் விட்டால்?

அந்தக் கட்டம் காலி.

ஆய்வுக் கப்பலில் போய்வந்த ஷம்ஸா சொன்னாள்:
பகலில் முந்நூறு மீட்டருக்குக் கீழே
மூச்சுக்குக் காற்றில்லாத நீரில் அசையாமல் கிடக்கும்.
துரத்துகிறவன் அங்கே வரமாட்டான்.
இருட்டியதும் மேலேறிச் சாப்பாடு,
விடியுமுன் இறக்கம்.
தின்றது அடியில் போய்க் கழியும்.
நாம் விடும் புகையில் கொஞ்சம்
அப்படித்தான் புதைகிறது.

நைட் ஷிப்ட், என்றேன்.
கம்பெனி பஸ் இல்லாமல், என்றாள்.

பத்தி ஒன்பதுக்குத் தலைப்பு தேடி
பள்ளியில் மனப்பாடம் செய்த ஐந்திணை வரை போனேன்.
நெய்தலுக்கு மணல் உண்டு, புன்னை உண்டு,
காத்திருக்க ஒருத்தி உண்டு.
அடி இல்லை.

அல் குவைரில் கூட்டம்.
சுவரில் வளைகுடாவின் படம், பதினெட்டு பிளாக்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.
குரியாத் மீனவர் சங்கத்திலிருந்து வந்த சுலையம்
பேரீச்சங்கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்:
இந்தக் கோடுகள்
எத்தனை பாகம் ஆழத்துக்கு இறங்கும்?

யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

நீர் ஒரு துறை. மீன் ஒரு துறை.
தரையும் தரைக்குக் கீழும் இன்னொரு துறை.
இரவில் இவரிடம், பகலில் ஏறக்குறைய அவரிடம்.
இரண்டு ஸ்பான்சர் வைத்துக்கொண்டு
இந்த ஊரில் நடமாடுவது
இந்த மீன் ஒன்றுதான்.
அக்கரைக்காரரும் இதே மீனைத்
தம் ஏட்டில் எழுதியிருப்பார்கள்.
ஒரே சரக்கு, இரண்டு கிடங்கு.
நான் செய்தால் வேலை போய்விடும்.

காலிக் கட்டம் கூடாது, சைபர் போடு என்றார் மேனேஜர்.
புகைக் கணக்கா? கடலில் கரைத்த பெருங்காயம்.

சைபர் எனக்குத் தெரியும்.
சைபர் போட்ட வரிசையை
ஆண்டுக் கடைசியில் அழித்துவிடலாம்,
எவனும் கேட்கமாட்டான்.
அதனால்தான் தேய்மானம் முடிந்த ஜெனரேட்டரை
ஏட்டில் ஒரு ரியாலுக்கு நிறுத்தி வைப்போம்.
அது விலை இல்லை.
பெயர் இருந்தால்தான்
தூக்கிப் போகிறவனிடம் கையெழுத்து வாங்கலாம்.

ஒன்று என்று அடித்தேன்.

கோடிக்கணக்கான கூட்டுத்தொகையின் வாலில்
ஓர் இலக்கம் மாறியது, அவ்வளவுதான்.
கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.
அச்சுப்பிழையா என்றார் இன்னொருவர்.
வரிசை இருபத்தாறு அடுத்த கூட்டத்துக்கு, என்று குறித்தார்கள்.
ஒத்திவைத்தார்கள், சரி.
அழிக்கவில்லை.

இன்று ஆடிட்டர் கேட்டு அனுப்பியிருக்கிறார்:
இந்த ஒரு ரியாலுக்கு வவுச்சர் எங்கே?

வாளி நிரம்பிவிட்டது. கொட்டிவிட்டு வந்தேன்.
பிறகு ஷம்ஸா தந்த எக்கோ சவுண்டர் தாளை
மடித்துப் பின் அடித்தேன்.
பகல் முழுக்க அதில் தடித்த ஒரு கோடு.
அந்தக் காலத்தில் முதலில் பார்த்தவர்கள்
கடல்தரை என்றே நம்பினார்களாம்.
மாலை ஆறேகாலுக்குத்
தரை எழுந்து மேலே வருகிறது.